பதினோரு ஓட்டு

"அண்ணி, கை நடுங்குது. நான் வீட்டுக்கே திரும்பிப் போயிடறேன்."

"கல்யாணத்தன்னிக்கும்தான் உனக்குக் கை நடுங்கிச்சு. அதுக்காகத் திரும்பியா போயிட்ட?"

தையல்காரி தன் தம்பி மனைவிக்குச் சொன்ன பதிலைக் கேட்டு வரிசையே சிரித்தது.

பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போடும் நாள் அது. விடிந்ததிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டி, பதினோரு பெண்களைப் பள்ளிக்கூட வாசலுக்கு அழைத்து வந்திருந்தாள் தையல்காரி. சிலரைக் கெஞ்சி, சிலரைத் திட்டி, ஒருத்தியைப் பாதி துவைத்த துணியோடு இழுத்து.

ஆண்கள் வரிசையில் நின்ற இரும்புக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"பொம்பளைங்க ஓட்டுப் போட்டா உலகமே தலைகீழா ஆயிடும், பாருங்க!"

"ஆகட்டுமே அண்ணே. இவ்வளவு நாளா கீழ இருந்தவங்க நாங்கதானே?" என்றாள் தையல்காரி.

பதினோரு பேரில் ஒருத்தியாக நின்ற இரும்புக்கடைக்காரர் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

வரிசை நகர்ந்தது. தம்பி மனைவி மெல்லத் தையல்காரியின் காதருகே வந்தாள்.

"யாருக்குப் போடணும்னு உங்க தம்பி சொல்லி அனுப்பியிருக்காரு அண்ணி."

"அவனுக்கு ஒரு ஓட்டு இருக்கு, அதை அவன் போட்டுக்கட்டும். இது உன்னோடது. யாருக்குப் போட்டேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத."

"அப்ப நீங்க முன்னாடி போங்க."

"நான் கடைசி. நீ போ."

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்கள் மை வைத்த விரலை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். தம்பி மனைவியோ யார் தோளிலும் படாமல் விரலைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்தாள். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓட்டுச்சாவடி அதிகாரி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க மட்டும் ஏம்மா அங்கயே நிக்கிறீங்க? நேரம் முடியப் போகுது, வாங்க."

"எனக்கு ஓட்டு இல்லீங்க."

"ஏன், பட்டியல்ல பேரு விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல, எடுத்துட்டாங்க." தையல்காரி நிமிர்ந்து நின்று சிரித்தாள். "ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஓட்டு கிடையாதாமே! பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு மறியல் பண்ணி, மூணு வருஷம் உள்ள இருந்தவ நான்."