நாலுக்கு அஞ்சு

தடுத்து ஆடி உலகில் எவனும் கோப்பை வென்றதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன் அணியிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவன்தான் கேப்டன்.

சிரிக்கிற நிலைமையும் இல்லை. இந்த முறையும் கோப்பை வராவிட்டால் கல்லூரி மைதானம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். தாளாளர் சொல்லிவிட்டார்.

டிஃபென்ஸ் ஆட்களையும் முன்னால் ஏறி ஆடச் சொன்னான்.

எஸ்றா மூன்று வருடமாகப் பின்னால் நிற்பவன். அவன் மட்டும் தயங்கினான். "அப்ப பின்னால யாருல நிக்கது?"

"காவல் காக்கதுக்கு பூட்ஸ் எதுக்குல? லத்தி வாங்கித் தாரேன். போயி ஏடிஎம் வாசல்ல நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்றாவும்.

கேப்டன் சொன்னது பலித்தது. அவர்கள் நான்கு கோல் அடித்தார்கள். அந்தக் கல்லூரி ஓர் இறுதி ஆட்டத்தில் அவ்வளவு அடித்ததே இல்லை.

எதிரணி ஐந்து அடித்தது.

விசில்.

கோலி பெலிக்ஸ் கோல் வாயிலிலேயே உட்கார்ந்துவிட்டான். வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கவில்லை.

"அஞ்சு தடவயும் தனியா நின்னேன்ல," என்றான். "பேச்சுத் துணைக்காவது ஒருத்தன் வந்திருக்கலாம்."

மைக்கில் கேப்டன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சிறந்த ஃபார்வர்டுக்கான கேடயம்.

தாளாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாலு கோல். பிரமாதம், தம்பி." அவர் கண்கள் அவன் தோளுக்கு மேல் மைதானத்தை அளந்துகொண்டிருந்தன.

நன்றியுரை முடியவில்லை. சாலையில் நின்ற விருந்தினர் கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின. வாட்ச்மேன் கையை ஆட்டி ஆட்டி இடம் காட்டினார்.

ஒரு கார் மைய வட்டத்தில் நின்றது.

இன்னொன்று கார்னர் கொடியைச் சாய்த்துவிட்டு நின்றது.

வெள்ளைக் கார் ஒன்று நிற்கவில்லை. பெனால்டி கோட்டைத் தாண்டி, கோலைப் பார்த்து மெதுவாக வந்தது.

அவன் கேடயத்தைப் புல்லில் வைத்தான்.

ஓடவில்லை. நடந்துதான் போனான். இன்னும் கோல் வாயிலில் உட்கார்ந்திருந்த பெலிக்ஸுக்கு முன்னால் போய் நின்றான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். கண்ணாடியை இறக்கினார். "தம்பி, ஓரமா நில்லுங்க."

அவன் முழங்காலை லேசாக மடக்கினான். கைகளை அகட்டிக்கொண்டான்.

டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.