வாய்ச் சோதனை

அடுத்த ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் பனியனில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

தயாளன் சார்.

போன ஏப்ரல் வரை இதே அறையில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர். இப்போது நீல பனியனும் தொளதொள கால்சட்டையுமாக, மாத்திரை விழுங்க வந்த ஆட்களில் ஒருவர்.

கம்பெனிகள் தயாரிக்கும் மாத்திரைகளை நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் அளந்து சொல்லும் இடம் அது. அவள் அங்கே நர்ஸ். மாத்திரை கொடுக்க வேண்டும். விழுங்கியாயிற்றா என்று வாய்க்குள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தயாளன் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மாத்திரையை வாயில் ஒளித்த ஒருவனைக் கண்டுபிடித்து, ஆய்வையே நிறுத்தச் சொன்னவர். மாலைக்குள் அவர் மேசை காலி. அதன் பிறகு அவர் பெயரை எடுத்தால் கேன்டீனில்கூடப் பேச்சை மாற்றினார்கள். அவளும்தான் மாற்றினாள்.

அதெல்லாம் இருக்கட்டும். இப்போது அவளைத் தடுத்தது வேறொன்று.

தட்டில் இருந்தது வலி மாத்திரை.

இதே வகை மாத்திரையை ஒரு தலைவலிக்குப் போட்டுக்கொண்டு, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தவர் அவர். ஆட்டோவில் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு போனவள் அவள். இன்னொரு முறை இது உள்ளே போனால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதையும் கேட்டவள்.

"சார், இது..."

"என் நம்பரை மட்டும் பாருங்க மேடம்."

மேடமாம். இத்தனை வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய்.

பின்னால் பெனிட்டா கடிகாரத்தோடு நின்றிருந்தார். தயாளனுக்குக் கீழே வேலை பார்த்து, அவர் இடத்துக்கே வந்தவர். நிமிடத்துக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஒருவர் தாமதித்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் ரத்தம் எடுக்கும் நேரம் தள்ளிப்போகும். தள்ளிப்போக வைத்தவர் மாடிக்குப் போய் நிர்வாகத்திடம் விளக்கம் சொல்ல வேண்டும். மாடிக்குப் போனவர்கள் பெரும்பாலும் பையை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

"என்ன, தூக்கமா?" என்றார் பெனிட்டா.

தயாளன் கையை நீட்டித் தானே மாத்திரையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

ஒளித்துவிடுங்கள் சார், என்று மனதுக்குள் கெஞ்சினாள். எங்கேயாவது ஒளித்துவிடுங்கள். நான் பார்க்க மாட்டேன்.

டார்ச்சை அடித்தாள்.

அவர் வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். போதும் என்று டார்ச்சை அணைக்கப் போனாள். அவர் விடவில்லை. விரலை விட்டுக் கன்னத்தை இழுத்து, கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே காட்டினார். இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.

ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

பாவி மனுஷன். இதிலுமா நேர்மை?

அவர் எழுந்து தன் கட்டிலுக்குப் போனார். அடுத்தவர் உட்கார்ந்தார். அதற்கடுத்தவர். வாய்கள் வந்து போயின. எதையும் அவள் பார்க்கவில்லை. எத்தனை பேர் போனார்களோ, சட்டென்று எழுந்து பெனிட்டாவிடம் போனாள்.

"மேடம், தயாளன் சாருக்கு இந்த மாத்திரை ஆகாது. உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கூப்பிடுங்க."

பெனிட்டா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். ஒரு ஆள் குறைஞ்சுது, நாந்தான் போன் பண்ணேன். வீட்ல சும்மாதானே இருக்காரு, உடனே வர்றேன்னாரு. அலர்ஜி எதுவும் இல்லைன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு. நீ போய் உட்காரு. லைன் நிக்குது."



அன்று அந்த ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, சீக்கிரம் போங்கண்ணா, சீக்கிரம் போங்கண்ணா என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தது பெனிட்டாதான்.

அவள் உட்காரவில்லை. மூலையில் இருந்த அவசர மருந்து வண்டியை இழுத்தாள். சக்கரம் ஒன்று மாட்டிக்கொண்டது. காலால் உதைத்துத் தள்ளினாள். பின்னால் பெனிட்டா அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. கத்தட்டும்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவர் கட்டிலருகே நின்றாள்.

தயாளன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"போங்க மேடம். லைன் நிக்குதுல்ல."

சொற்கள் குழறி வந்தன.

அவள் அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.