சாய்த்துப் பிடித்தபடி

அவன் கையை அசைக்கவில்லை.

மனைவியின் கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் உள்ளங்கையில் சுட்டது. மேசையில் படுக்கவைத்தால் டக், டக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. தற்செயலாகத் தூக்கியபோதுதான் சுழலத் தொடங்கியது. கட்டைவிரல் பக்கம் உயர்ந்து, மறுபக்கம் சற்றுச் சரிந்து.

இந்தச் சாய்வில் மட்டும்.

கீழே புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுக்கலாம். அதற்கு ஒருமுறை கையை எடுக்க வேண்டும்.

கணினிக் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவ ஓடும் சார். ரெண்டாவது தடவையப் பத்தி என்னக் கேக்காதீங்க."

புதிய டிஸ்க் மேசையில் கிடந்தது. பழையதிலிருந்து அதற்கு ஒவ்வொரு கோப்பாகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

கல்யாணப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு அவள் எடுத்த கணக்குப் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் இன்னமும் கீழே 'நன்றி மிஸ்' என்று எழுதுகிறார்கள். அவள் இப்போது இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

அவன் முதலில் எடுத்தது, பாடங்களிலிருந்து அவள் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை.

அவை வேறெங்கும் இல்லை.

சூத்திரத்தின் நடுவே குக்கர் விசிலடிக்கும். மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி கத்துவாள். "ஏங்க, அதை நிறுத்தித் தொலைங்களேன்!" பிறகு, கத்தியதற்குத் தானே சிரிப்பாள்.

மிஸ் சிரித்ததைப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

முழங்கை நடுங்கத் தொடங்கியது.

மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டான்.

வாசல் கதவில் சாவி திரும்பியது. செந்தாமரை. அவளுடைய தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுவருவாள்.

"மாமா, இன்னைக்கு மீன்கொழம்பு. போன வாரம் மாதிரி அப்படியே வச்சிருந்தீங்கன்னா..."

"நடக்காத."

நின்றுவிட்டாள். அவன் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"அக்காவா?"

தலையசைக்கப் பயந்தான். கண்ணை மட்டும் மூடித் திறந்தான்.

கேரியரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பாதம் பாதமாக வந்து அருகில் முட்டிபோட்டாள்.

"கை ஆடுது மாமா. போட்டுருவீங்க. எங்கிட்ட குடுங்க. நான் பாத்துக்குறேன்."

ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னாள். நான் பாத்துக்குறேன் மாமா, கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

போனான். டீ ஆறுவதற்குள் போன் வந்தது.

அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.

டிஸ்க்கின் ஓசையில் ஒரு பிசிர் தட்டியது. பச்சைக் கோடு நின்றது. அவன் மணிக்கட்டை மயிரிழை உயர்த்தினான். கோடு நகர்ந்தது.

இன்னொரு முறை நகராது. அது அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் கையை அவன் கைக்கு அடியில் நுழைத்தாள். அதே சாய்வு. விரலுக்கு நேராக விரல்.

அவளுடைய விரல்களும் நடுங்கின.

அவன் ஒவ்வொரு விரலாக விலக்கினான். சுண்டுவிரல். மோதிர விரல். கடைசியாகக் கட்டைவிரல். அதை எடுக்க வெகுநேரமானது.

எடுத்தான்.

ஓசை மாறியது.

இருவரும் திரையைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓசை மெல்லச் சீரானது.

"போய்க் கைய உதறிட்டு வாங்க மாமா," என்றாள், உதடு அசையாமல்.

அவன் எழுந்திருக்கவில்லை.

காலியான கையை அவள் கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். தொடாமல்.