நாக்குக்கு அடியில்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடலாடியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்திறங்கினார் செல்லச்சாமி. நாக்குக்கு அடியில் வைக்கவேண்டிய மாத்திரை அவசரப் பிரிவு நர்ஸ் கோகிலாவின் கையில் தயாராக இருந்தது. கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்.

“அய்யா, வேற ஏதும் மாத்திரை போட்டீகளா?”

“இல்ல.”

“வீரிய மாத்திரை போட்டிருந்தா மறைக்காதீக. அதோட இது சேந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கிரும். உசுருக்கே ஆபத்து.”

“அதான் இல்லைங்கிறேன்ல!”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கோகிலாவுக்குக் கொடுத்தாலும் பயம், கொடுக்காமல் நின்றாலும் பயம். கூட வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினாள்.

“இங்கன இப்ப யாருமில்ல. சொல்லுங்கய்யா.”

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டர் மாரீஸ்வரன் வேகமாக வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க சிஸ்டர்.”

திரைக்கு வெளியே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் டாக்டர் எட்டிப்பார்த்தார்.

“நல்லவேளை, கொடுக்கல. நேத்து ராத்திரி போட்டிருக்காரு. வேற மருந்து கொடுத்தாச்சு, வலி குறையுது.”

“நான் அத்தனை தடவ கேட்டேனே சார்!” அவள் கண் கலங்கியது.

“எப்படிம்மா சொல்லுவாரு? கேட்டது பெத்த மகளாச்சே!”