முப்பத்திரண்டு டிகிரி

முப்பத்தொரு மணி நேரமாகக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது.

அவள் அதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை. தெர்மோஸ்டாட் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடை. வண்ண மீன், கோழிக்குஞ்சு, நாய்ச் சங்கிலி எல்லாம் விற்பார்கள். பதினோரு மணியாகியும் வாசலில் பனிமூட்டம் விலகவில்லை.

கடைக்காரர் அன்வர் மூன்று தெர்மோஸ்டாட்டுகளை எடுத்து வைத்தார்.

ஒன்று மீன் தொட்டிக்கானது. தண்ணீருக்குள்தான் வேலை செய்யும். தள்ளி வைத்தாள்.

இன்னொன்றில் திருகு இருந்தது. திருகு காட்டும் எண்ணை நம்ப முடியாது. மூன்று டிகிரி முன்னே போகும், பின்னே போகும். அவளிடம் அந்த மூன்று டிகிரி இல்லை.

மிச்சம் இருந்ததில் சிவப்பு எண்கள். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர். ஒயரின் நுனியில் அரிசி அளவுக்கு சென்சார்.

வீட்டில் இருந்ததும் இதே மாதிரிதான்.

பெட்டியைத் துடைக்கும்போது சென்சாரை வெளியே எடுத்துப் போட்டவள், திரும்ப உள்ளே வைக்க மறந்துவிட்டாள். வெளியே கிடந்த சென்சார் மலைக்குளிரை அளந்தது. சூடு போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட்டிங் பேட் அணையவே இல்லை. ஓடி ஓடி தெர்மோஸ்டாட் கருகிப்போனது.

உள்ளே இருந்தது சூடு பொறுக்காமல் மூடியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மூன்றடி நீளம். மணிக்கட்டுப் பருமன். மலைப்பாம்பில் சிறிய வகை.

விஷம் கிடையாது. நேற்றிலிருந்து அதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அலமாரிக்குப் பின்னால் பார்த்தாயிற்று. செருப்புகளுக்குள், தலையணை உறைக்குள், அரிசி டின்னுக்குள். கடைசியாகக் குளியலறை மூலையில் டார்ச் அடித்தாள். குழாய் கீழே இறங்கும் இடத்தில் பலகைத் தளத்தில் ஒரு ஓட்டை. கையை விட்டுப் பார்த்தாள்.

முழங்கை வரை போனது.

கீழே ஸ்டெல்லா அக்கா வீடு. மாடியை அவளுக்கு வாடகைக்கு விட்டவர். அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது.

மேலே இருப்பது மீன் தொட்டி என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாமல் அக்கா வந்து பார்த்ததில்லை. பொரிக்கிற அளவுக்கு வளர்ந்ததும் கூப்பிடு என்று கேலி செய்வார்.

அந்த வீட்டில் சூடான அறை ஒன்றுதான். ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி செருகி, பகலிலும் ஹீட்டர் போட்டு, நடுவில் குழந்தை.

குழந்தை மூன்று கிலோ கூட இல்லை.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஹீட்டிங் பேடை விரிக்க வேண்டும். மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். குளிரில் கிடக்கும் உடல் சூட்டைத் தேடி மேலே வரும். எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு மூடியில் கல்லை வைத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தாள்.

அன்வர் கோழியா வாத்தா என்று கேட்டார். இந்தக் குளிரில் என் கோழியே ஸ்வெட்டர் கேட்கிறது, நீங்கள் முட்டை பொரிக்கப் போகிறீர்களா என்றார். அவரே சிரித்தார். எத்தனையில் வைக்கட்டும் என்றார்.

முப்பத்திரண்டு என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முட்டைக்கு முப்பத்தேழரை வேண்டும், முப்பத்திரண்டில் என்ன பொரியும் என்றார். அவள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு பட்டனை அழுத்தினார்.

ஒரு பல்பை மாட்டினார். பல்ப் எரிந்தது. சிவப்பில் பதினாறு.

"பாருங்கம்மா, டெஸ்ட் பண்ணியே தரேன்."

சென்சாரை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

பத்தொன்பது.

இருபத்தைந்து.

இருபத்தொன்பது.

மெதுவாக ஏறியது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

டிக்.

பல்ப் அணைந்தது.

எண்கள் நிற்கவில்லை. முப்பத்துமூன்று. முப்பத்துமூன்றரை. மூடிய கைக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.

"வெறும் கைச்சூட்டுக்கே கட் ஆயிடுச்சு பாத்தீங்களா. அவ்ளோ கரெக்ட்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

பாம்பின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. இருட்டிலும் அவற்றுக்குச் சூடு தெரியும். படித்தது. பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தது.

நாற்பதில் வைத்தால் பாம்பு வெந்துபோகும். முப்பத்திரண்டில் வைத்தால் வீட்டில் அதைவிடச் சூடான இடம் இருக்கிறது.

எந்த எண்ணில் வைத்தாலும் கீழே ஒரு உடல் இருக்கிறது.

அன்வர் பெட்டியை மூடப் போனார். அவள் வேண்டாம் என்றாளா, இருங்கள் என்றாளா, அவருக்குக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அக்காவின் பெயரைத் தேடிய விரல் இரண்டு முறை வேறு பெயரைத் தொட்டது.

மணி அடித்தது.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார். அப்பாவுக்குப் போன் போகும். தெரு முழுக்கக் கூடி நிற்கும். அவர்களில் யாராவது கட்டையை எடுப்பார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ம், சொல்லு." அக்காவின் குரல் மிக மெதுவாக வந்தது. "சத்தமா பேசாத. ரெண்டு கம்பளியும் போத்தி இப்பதான் தூங்க வெச்சேன். நேத்தெல்லாம் ஒரே அழுகை. இன்னிக்கு ஒரு அசைவு இல்ல பாரு, என் சமத்து."



"அக்கா. கம்பளிய எடுத்துட்டு பாப்பாவத் தூக்குங்க."

"ஏன்டி?"

"நான் வளர்த்தது மீன் இல்லக்கா, பாம்பு. நேத்துல இருந்து அதக் காணோம்."