நாயா, நானா?

வாசற்கதவருகே பெட்டி நின்றது. அதன் கைப்பிடியைப் பிடித்தபடி அவளும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக்காகக் கூடத்துக்கு வந்த கணவர் அதைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வந்தார்.

“சொன்ன மாதிரியே பெட்டி கட்டிட்டியா?”

“நான் சொன்னா சொன்னதுதான்” என்றாள். அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வண்டி நிறையப் பிள்ளைகளை ஒற்றை அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அது.

வீட்டுக்கு ஒரு நாய் என்று பேச்சு வந்தபோது மூன்று பேர் ஒரு கட்சி, அவள் ஒருத்தி எதிர்க்கட்சி. கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், கல்யாணமாகாத கொழுந்தன் மூவரும் ஸ்பானியல் ஜாதி நாய்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். தொங்குகிற காதையும் ஈரக் கண்ணையும் பார்த்து மயங்கிய மயக்கம்.

குட்டியை விற்ற அம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. “பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா வேலை வாங்கும். தினம் முடியைச் சீவணும், காதைத் துடைக்கணும், ரெண்டு வேளை நடத்திக் கூட்டிட்டுப் போகணும். தனியா விட்டா ஏங்கிடும்.”

“நடத்தறது என் வேலை” என்றான் கொழுந்தன். சீவுவது தன் பங்கு என்றாள் மகள். “காது என் பொறுப்பு” என்று மார்தட்டினார் கணவர்.

“யாராவது ஏமாத்தினீங்க, பெட்டி கட்டிடுவேன்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள் அவள்.

எல்லாம் ஆரம்ப சூரத்தனம்தான். கொழுந்தனுக்கு முழங்கால் வலி வந்தது, மகளுக்குப் பரீட்சை வந்தது, கணவருக்கு நாய் முடி பட்டாலே தும்மல் வந்தது. ‘துரை’ என்று செல்லப்பெயர் வைத்ததோடு மூவரின் கடமையும் முடிந்தது.

இப்போது கணவர் குழைந்தார். “இதோ பாரும்மா, நாயா நீயான்னு வந்தா எங்களுக்கு நீதான் முக்கியம்.”

“நான் அப்படிக் கேட்டேனா?”

“நீ கேக்கணுமா என்ன? உன் முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? மூணு பேரும் கலந்து பேசிட்டோம். துரையை அனுப்பிடறோம்.”

பின்னால் வந்து நின்ற மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். “ஆமாம்மா. சோஃபா பூரா அதோட முடிதான். நீ இல்லாட்டி இது வீடாவே இருக்காது.” அதில் பாதி பாசம், பாதி திங்கட்கிழமை டிபன் டப்பா.

உள்ளறையிலிருந்து கொழுந்தன் பனியனோடு வந்தான். “என் சாக்ஸ் வேற ஒவ்வொண்ணா காணாமப் போகுது. துரைதான் தின்னிருக்கும். அண்ணி, போறதுதான் போறீங்க, என் நீலச் சட்டை எங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அலமாரில காணோம்.”

“பத்திரமா இருக்கு” என்றாள்.

“வீடு பத்தி எரியுது, உனக்குச் சட்டை கேக்குதா?” என்று தம்பியை முறைத்துவிட்டு, கணவர் மனைவியிடம் திரும்பினார். “எதிர்ல இருக்கற பேக்கரிக்காரர் ரொம்ப நாளா நாயைக் கேட்டுட்டு இருக்கார். நேத்தே பேசி முடிச்சுட்டேன். மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். இப்பவாவது பெட்டியை உள்ள வை.” மலையையே பெயர்த்துக் கொடுத்துவிட்ட முகத்தோடு நின்றார்.

“தெரியும். ரொட்டி வாங்கப் போனப்ப அவரே சொன்னார். வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“வேண்டாம்னு சொன்னியா? ஏன்?” என்றார் கணவர்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து துரை வந்தது. சாப்பாட்டுத் தட்டில் காது விழாமலிருக்க, நுனி வெட்டிய சாக்ஸ் ஒன்று அதன் தலையில் முண்டாசு மாதிரி மாட்டப்பட்டிருந்தது. உடம்பு முடியில் ஒரு சிக்கு இல்லை. நேராக வந்து அவளுடைய வெறும் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

“என் சாக்ஸ்!” என்றான் கொழுந்தன். அவனை யாரும் கவனிக்கவில்லை.

அவள் குனிந்து, சாக்ஸைக் கழற்றி, காது மடலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சிவந்து புண்ணாகியிருந்தது. மேலே மருந்து பூசியிருந்தது.

“காது உங்க பொறுப்புதானே? போன வாரம் ராத்திரியெல்லாம் தலையை உதறிட்டு அழுதுச்சு. பக்கத்துலயே படுத்திருந்தீங்க, அப்ப ஒரு தும்மல்கூட வரல உங்களுக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காதே கேக்காமப் போயிருக்கும்னு டாக்டர் என்னைத் திட்டினார். என்னை!”

கணவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“வேண்டாம்னு சொன்னவ நான்தான். இல்லேங்கல. ஆனா வான்னு கூட்டிட்டு வந்த உயிரைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பேக்கரிக்காரர் இல்ல, யார் வந்து கேட்டாலும் துரை இந்த வாசப்படியைத் தாண்டாது.”

கோபத்தில் அவள் குரல் உயர்ந்திருந்தது. இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்ட நிம்மதியும் அதில் இருந்தது. துரை அண்ணாந்து அவளையே பார்த்தது.

கணவருக்கு ஒன்றும் ஓடவில்லை. நாயும் போகாது, ஆனால் பெட்டியும் வாசலிலேயே நிற்கிறது. “அப்படீன்னா... நாயைக் கூட்டிக்கிட்டு நீ வீட்டை விட்டுப் போகப்போறியா?”

“நான் எதுக்குங்க போகணும்?” என்றபடி பெட்டியை அவர் பக்கம் உருட்டிவிட்டாள் அவள்.

“உள்ள இருக்கறது உங்க மூணு பேர் துணி.”