ஆறிய உலை

பதினோரு வருடங்களாக ஒரு நாளும் அணையாத மின் உலையை அணைக்கும்படி மேனேஜர் சொன்னபோது, வேண்டாம் என்றவன் அதை இயக்கும் இருதயராஜ் ஒருவன்தான். போல்ட்டுகளைப் பழுக்கக் காய்ச்சிக் கடினமாக்கும் உலை அது. உள்சுவர் முழுக்கச் சுருள் சுருளாகக் கம்பி.

"சூட்டுலயே இருந்தா இந்தச் சுருள் கம்பி இன்னும் எத்தனை வருஷமானாலும் தாங்கும் சார். ஆறினாத்தான் ஒடியும்."

"ஆர்டரே இல்லையேப்பா. எதுக்கு வெட்டியா கரண்ட்டு? நீயும் நாலு நாள் வீட்ல படுத்துத் தூங்கு. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு."

அணைத்தார்கள். இருதயராஜ் வீட்டுக்குப் போகவில்லை. உலை ஆறுவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றான்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது, கம்பி ஒரு வளைவும் குலையாமல் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்று மேனேஜர் அதை விரலால் தொட்டார். தொட்ட சுருள் அப்பளம் போல நொறுங்கி அவர் ஷூவின் மேல் உதிர்ந்தது.

இருதயராஜ் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்ததை மனைவி ரெஜினாவால் நம்ப முடியவில்லை. ஃபேனைப் போட்டு, அதனடியில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு ஷிஃப்ட்டும் நின்னு நின்னு கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க. வந்து உக்காருங்க."

அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டான். உட்காரவில்லை.

"இரு ரெஜினா. இன்னும் கொஞ்ச நேரம் நின்னுக்கறேன்."